நுண்கணினியும் காற்றில் மிதக்கும் உணரியும்: உண்மையையும் ஊகத்தையும் பிரித்தறியும் முறை

கண்ணுக்குத் தெரியாத கணினிகள் காற்றில் மிதந்து நம்மைக் கண்காணிக்கின்றன என்று ஒருவர் சொன்னால், கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு அணிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஓர் அணி அத்தனையும் உண்மை என்கிறது. மற்றோர் அணி அத்தனையும் கட்டுக்கதை என்று சிரிக்கிறது. இரண்டு அணியினரும் செய்யும் பிழை ஒன்றே: பல தனித்தனிக் கூற்றுகளை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துக்கொண்டு, அதை மொத்தமாக ஏற்கவோ மறுக்கவோ முயல்கிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கணினி உண்மையிலேயே செய்யப்பட்டிருக்கிறது. காற்றில் பறந்து இறங்கி, வெப்பநிலையை அளந்து அனுப்பும் உணரியும் (சென்சார்) செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் முதலாவது பறப்பதில்லை; இரண்டாவது கண்ணுக்கு நன்றாகவே தெரியும். இவற்றைப் பற்றிய ஒரு கூற்று முன்வைக்கப்படும்போது அதை எந்தக் கேள்விகளால், எந்தக் கணக்குகளால் சோதிப்பது என்பதை இங்கே பார்க்கலாம். எட்டாம் வகுப்புப் பெருக்கலுக்கு மேல் கணிதம் தேவைப்படாது.

பயிற்சிக்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 2016 நவம்பர் 8 அன்று பணமதிப்பிழப்பு அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, புதிய 2000 ரூபாய்த் தாளில் நானோ ஜிபிஎஸ் சில்லு பொருத்தப்பட்டிருப்பதாகவும், பூமிக்கடியில் 120 மீட்டர் ஆழத்தில் புதைத்து வைத்தாலும் செயற்கைக்கோள் அதைக் கண்டுபிடித்துவிடும் என்றும் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவியது. சில தொலைக்காட்சிகளும் அதை விளக்கப் படங்களோடு ஒளிபரப்பின. ரிசர்வ் வங்கி தரப்பில் மறுப்பு வந்தது. ஆனால் அரசு உண்மையை மறைக்கிறது என்று நம்புகிறவரிடம் அரசின் மறுப்பைக் காட்டி என்ன பயன்? கூற்றை அதன் சொந்த எண்களைக் கொண்டே சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைக்கு இந்த ரூபாய்த் தாளை அவ்வப்போது கையில் எடுத்துக்கொள்வோம்.

கூற்றைப் பிரித்து எழுதுங்கள்

விவாதத்தைத் தொடங்குமுன், எதிரே இருப்பவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி, அதில் எத்தனை செயல்கள் அடங்கியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ‘காற்றில் தூவப்படும் நுண்கணினிகள் நம் பேச்சைக் கேட்டு அனுப்புகின்றன’ என்ற சிறு வாக்கியத்தில் ஐந்து கூற்றுகள் உள்ளன: அந்தக் கருவி கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கிறது, காற்றில் மிதக்கிறது, கணிக்கிறது, ஒலியை உணர்கிறது, உணர்ந்ததைத் தொலைவுக்கு அனுப்புகிறது. சொல்லாமல் விடப்பட்ட ஆறாவது கூற்றும் ஒன்று உண்டு; இத்தனையும் செய்வதற்கான ஆற்றல் அதற்கு எங்கிருந்தோ கிடைக்கிறது என்பதே அது. இந்த ஆறில் ஒவ்வொன்றையும் செய்துகாட்டும் ஏதோ ஒரு கருவி உலகின் ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. ஆகவே ‘இது உண்மையா’ என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் கிடைத்துக்கொண்டே இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி, ஆறையும் ஒரே கருவி ஒரே நேரத்தில் செய்கிறதா என்பதுதான். பெரும்பாலான விவாதங்கள் அளவைப் பற்றியே நடக்கின்றன. முடிவைத் தீர்மானிப்பவையோ ஆற்றலும் தகவல்தொடர்பும்.

அளவும் பெயரும்

அளவைப் பற்றிய பேச்சில் முதலில் அலகைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மில்லிமீட்டரில் 1000 மைக்ரான். ஒரு மைக்ரானில் 1000 நானோமீட்டர். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். எனவே ‘நானோ சில்லு’ என்று ஒருவர் சொல்லும்போது, முடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலான பொருளைப் பற்றிப் பேசுகிறாரா, அல்லது மிகச் சிறியது என்பதற்கு அடைமொழியாக அதைச் சொல்கிறாரா என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். செய்திகளில் வரும் ‘3 நானோமீட்டர் சில்லு’ என்பதும் இங்கே குழப்பத்தை உண்டாக்குகிறது. அது ஓர் உற்பத்தித் தலைமுறைக்கு நிறுவனங்கள் வைத்த வணிகப் பெயர். அந்த முறையில் செய்யப்படும் டிரான்சிஸ்டர்கள் மிகச் சிறியவை என்பது மெய்; ஆனால் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் சேர்ந்த கைபேசிச் சில்லு விரல் நகத்தின் அளவுக்கு இருக்கும்.

உண்மையில் எட்டப்பட்ட அளவுகள் வியப்பூட்டுபவை, அவற்றைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பிளாவ், டென்னிஸ் சில்வெஸ்டர் ஆகியோரின் குழு ஒரு கன மில்லிமீட்டர் அளவிலான ‘மைக்ரோ மோட்’ கணினிகளை உருவாக்கியது. 2018 மார்ச்சில் ஐபிஎம் நிறுவனம் ஒரு மில்லிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டர் அகலமும் கொண்ட கணினியை அறிவித்தது. சில லட்சம் டிரான்சிஸ்டர்கள் கொண்ட அதன் கணிக்கும் திறன் 1990ஆம் ஆண்டின் மேசைக்கணினிகளில் இருந்த எக்ஸ்86 சில்லோடு ஒப்பிடத் தக்கது என்று அந்நிறுவனம் சொன்னது. அதே ஆண்டு மிச்சிகன் குழு பக்கத்துக்கு 0.3 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள ஒரு கருவியைக் காட்டிப் பதிலடி கொடுத்தது. அதன் படத்தில் பக்கத்திலே ஓர் அரிசி மணி இருக்கிறது. அரிசி மலை போலவும் கணினி கூழாங்கல் போலவும் தெரியும்.

கணினி என்று எதைச் சொல்வது என்ற சிக்கலும் இங்கேதான் எழுகிறது. மிச்சிகன் குழுவின் பழைய கருவிகள் மின்சாரம் நின்றாலும் நிரலை நினைவில் வைத்திருக்கும். ஒளியால் இயங்கும் 0.3 மில்லிமீட்டர் கருவியோ, ஒளி நின்றவுடன் நிரலையும் தரவையும் மறந்துவிடும். ஐபிஎம்மின் கருவியும் அப்படிப்பட்டதே. ஆகவே இவற்றைக் கணினி என்று அழைப்பதா என்பது அவரவர் கருத்தைப் பொறுத்தது என்று பிளாவே வெளிப்படையாகச் சொன்னார். கருவியைச் செய்தவரே இவ்வளவு தயக்கத்தோடு பேசும் இடத்தில், அதைக் கேள்விப்பட்டவர் அறுதியிட்டுப் பேசினால் ஐயப்படுவதில் தவறில்லை.

இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனத்தின் மியூ சில்லு. 0.4 மில்லிமீட்டரில் தொடங்கிய அது பின்னர் 0.15 மில்லிமீட்டராகவும், 2007இல் 0.05 மில்லிமீட்டராகவும், அதாவது முடியின் தடிமனைவிடச் சிறியதாகவும் சுருங்கியது. தூள் போன்ற இந்தச் சில்லைத்தான் பலர் ‘நுண்கணினி’க்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் அது எதையும் கணிப்பதில்லை, எதையும் உணர்வதில்லை. தொழிற்சாலையில் பதிக்கப்பட்ட 128 பிட் எண் ஒன்றை, பக்கத்தில் கொண்டுவரப்படும் படிப்பானிடம் ஒப்பிக்கிறது, அவ்வளவுதான். 2005இல் ஐச்சியில் நடந்த உலகக் கண்காட்சியின் நுழைவுச் சீட்டுகளில் இந்த வரிசைச் சில்லுகள் பயன்பட்டன. எனவே காகிதத்தில் சில்லு வைக்க முடியாது என்று ரூபாய்த் தாள் விவாதத்தில் யாராவது வாதிட்டால் அவர் தோற்றுப்போவார். காகிதத்தில் சில்லு வைக்கலாம். அது 120 மீட்டர் ஆழத்திலிருந்து விண்ணோடு பேசுமா என்பதுதான் கேள்வி.

ஆற்றல் எங்கிருந்து வருகிறது

இந்தப் பகுதியை நன்றாகப் பிடித்துக்கொண்டால் மற்றவற்றில் பாதி தானாகவே விளங்கிவிடும். நுண்கருவிக்கு ஆற்றல் கிடைக்கும் வழிகள் சிலவே: உள்ளே ஒரு மின்கலம், மேலே விழும் ஒளி, வெளியிலிருந்து செலுத்தப்படும் ரேடியோ அலை அல்லது கேளா ஒலி (அல்ட்ராசவுண்ட்).

மின்கலத்தை எடுத்துக்கொள்வோம். நல்ல லித்தியம் அயான் மின்கலத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2 ஜூல் ஆற்றல் அடங்கும். மிச்சிகனின் 0.3 மில்லிமீட்டர் கருவி இயங்க 16 நானோவாட் போதும் என்று அதன் வடிவமைப்பாளர்கள் தெரிவித்தார்கள். அந்த வேகத்தில் செலவழித்தால் 2 ஜூல், கசிவைக் கணக்கில் கொள்ளாவிட்டால், ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு வரும். ஆனால் புளூடூத் போன்ற சாதாரண ரேடியோ ஒலிபரப்பிக்கு 10 மில்லிவாட் அளவில் தேவை. அதே 2 ஜூல் அதற்கு 200 விநாடிகளில் தீர்ந்துவிடும். ஆண்டுக்கணக்கில் மௌனமாகச் சிந்திக்கக்கூடிய கருவி, பேசத் தொடங்கினால் மூன்று நிமிடங்களில் செத்துப்போகிறது. இனி மின்கலத்தின் பக்க அளவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து 0.1 மில்லிமீட்டர் ஆக்குங்கள். பருமன் ஆயிரத்தில் ஒன்றாகிறது. பேசும் நேரம் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. மிகச் சிறிய மின்கலங்களில் உறையே பெரும்பகுதி இடத்தைப் பிடித்துக்கொள்வதால் உண்மை நிலை இதைவிட மோசம்.

ஒளியை எடுத்துக்கொண்டால், உச்சி வெயில் ஒரு சதுர மில்லிமீட்டரில் ஒரு மில்லிவாட் ஆற்றலைப் பொழிகிறது. பக்கத்துக்கு 0.1 மில்லிமீட்டர் உள்ள கருவியின் முதுகில் விழுவது 10 மைக்ரோவாட். அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக மாற்றினால் 2 மைக்ரோவாட். வீட்டு விளக்கொளி வெயிலைவிடப் பல நூறு மடங்கு மங்கல் என்பதால் அறைக்குள் எஞ்சுவது சில நானோவாட் மட்டுமே. கருவி உடலுக்குள்ளோ சட்டைப் பைக்குள்ளோ போய்விட்டால் அதுவும் இல்லை. பருமனைப் போலப் பரப்பு அவ்வளவு விரைவாகச் சுருங்குவதில்லை என்பதால்தான், அளவு குறையக் குறைய ஆய்வாளர்கள் மின்கலத்தைக் கைவிட்டு ஒளிக்கு மாறுகிறார்கள். மிச்சிகனின் 0.3 மில்லிமீட்டர் கருவி ஒளியாலேயே இயங்குகிறது.

உடலுக்குள் வைக்கப்படும் கருவிகளுக்குக் கேளா ஒலி உதவுகிறது. 2016இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஹோசே கார்மெனாவும் மிஷேல் மஹார்பிஸும் வழிநடத்திய குழு, ‘நரம்புத் தூசி’ என்று பெயரிட்ட மில்லிமீட்டர் அளவிலான உணரியை எலியின் நரம்பில் வைத்து, வெளியிலிருந்து கேளா ஒலியைச் செலுத்தி அதன் பதிலைப் படித்தது. 2021இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கென் ஷெப்பர்டின் குழு 0.1 கன மில்லிமீட்டருக்கும் குறைவான வெப்பநிலை உணரியை இதே வழியில் இயக்கிக் காட்டியது. ஊசி வழியே உடலுக்குள் செலுத்தக்கூடிய சில்லு உண்டா என்று யாராவது கேட்டால், இவற்றைச் சொல்லி ‘ஆம், அந்த எல்லையை நெருங்கிவிட்டார்கள்’ என்று நேர்மையாக ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொண்ட கையோடு, தோலின்மேல் கேளா ஒலிக் கருவியின் முனையை வைத்து அழுத்திக்கொண்டிருக்கும்வரைதான் அது உயிரோடு இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

யாரிடம் பேசுகிறது, எவ்வளவு தொலைவுக்கு

ரேடியோ அலையைத் திறமையாக அனுப்பவும் வாங்கவும் ஆன்டெனாவின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு அளவிலாவது இருப்பது நல்லது. வைஃபையும் புளூடூத்தும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், கால் பங்கு 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 5ஜியின் உயர் அலைவரிசையான 28 கிகாஹெர்ட்ஸிலும் அலைநீளம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல். ஆன்டெனாவை அதைவிடச் சிறிதாக்கலாம். ஆனால் செலுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி அலையாக வெளியேறாமல் வீணாகும், அந்த ஆற்றலே நானோவாட் கணக்கில்தான் இருக்கிறது. இதனால்தான் ஐபிஎம், மிச்சிகன் ஆகியோரின் மிகச் சிறிய கருவிகள் ரேடியோவை விட்டு ஒளியால் பேசுகின்றன. பக்கத்தில் ஒளி அனுப்பி ஒளி வாங்கும் ஒரு நிலையம் இருக்க வேண்டும். ஹிட்டாச்சியின் தூள் சில்லும் சில சென்டிமீட்டர் நீள ஆன்டெனா ஒட்டப்படாவிட்டால் படிப்பானைத் தொட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டியிருக்கும்.

எனவே ‘அது தகவல் அனுப்புகிறது’ என்று யாராவது சொன்னால், கேட்பது யார், அந்தக் கேட்கும் கருவி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். விளம்பரப் படங்களில் நுண்கருவி மட்டும் இருக்கும்; மேசையை அடைத்துக்கொண்டிருக்கும் மறுபாதி படச் சட்டகத்துக்கு வெளியே இருக்கும்.

இப்போது ரூபாய்த் தாளுக்கு வருவோம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சமிக்ஞை தரைக்கு வந்து சேரும்போது ஒரு வாட்டில் நூறு கோடி கோடியில் ஒரு பங்கு அளவுக்கு மெலிந்துவிடுகிறது. கட்டடத்துக்குள்ளேயே தடுமாறும் அந்தச் சமிக்ஞை 120 மீட்டர் மண்ணைத் துளைத்துக்கொண்டு போவதற்கு வழியில்லை. அதைவிட அடிப்படையான செய்தி, ஜிபிஎஸ் கருவி வாங்க மட்டுமே செய்கிறது என்பது. அது தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். அதை வேறு யாருக்காவது தெரிவிக்க வேண்டுமானால் கைபேசி இணைப்பு போன்ற தனி ஒலிபரப்பியும் அதற்கு மின்கலமும் வேண்டும். வதந்தியை எழுதியவருக்கு இந்தச் சிக்கல் ஓரளவு தெரிந்திருக்கிறது. அதனால்தான் சில்லுக்கு மின்சாரம் தேவையில்லை, அது செயற்கைக்கோள் அனுப்பும் சமிக்ஞையைப் பிரதிபலிக்கிறது என்று சேர்த்துக்கொண்டார். ஆனால் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பிரதிபலிப்புக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பதில்லை. அப்படிக் காத்திருந்தாலும், தரையை அடையும்போதே அவ்வளவு மெலிந்த அலை, 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள காகிதத்தில் இருக்கும் ஒரு துணுக்கில் பட்டு, இன்னொரு 20,200 கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டும். கணக்கை இங்கேயே நிறுத்திவிடலாம்.

உணர்தலுக்கும் இதே போன்ற எல்லைகள் உண்டு. கேமராவின் வில்லை (லென்ஸ்) சிறிதாகச் சிறிதாக ஒளி விலகிப் பரவுவதால் படம் மங்கும். 0.1 மில்லிமீட்டர் வில்லையால் மூன்று மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டருக்குக் குறைவான எதையும் பிரித்தறிய முடியாது. முகம் ஒரு கறையாகத்தான் தெரியும். ஆம்னிவிஷன் நிறுவனம் 2019இல் வெளியிட்ட, 0.575 மில்லிமீட்டர் பக்கமுள்ள பட உணரி கொண்ட மருத்துவக் கேமரா உண்மையான பொருள், விலைக்கு விற்கப்படுவது. அதில் 200க்கு 200 என்ற அளவில் 40,000 படப்புள்ளிகள் உள்ளன. ஆனால் அது கம்பியின் முனையில் இருக்கிறது. ஆற்றலும் தகவலும் அந்தக் கம்பி வழியே போகின்றன.

காற்றில் நிற்பது எப்படி

காற்றில் மிதக்கும் உணரி என்ற எண்ணம் புதியதன்று. பலூனில் கட்டி அனுப்பப்பட்டு, வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே மேலே போகும் ரேடியோசோண்டு 1930 வாக்கிலேயே வந்துவிட்டது. இன்றும் சென்னை மீனம்பாக்கம் உட்பட உலகெங்கும் உள்ள வானிலை நிலையங்களிலிருந்து அது பறக்கவிடப்படுகிறது. ஆகவே ‘காற்றில் பறக்கும் உணரி உண்மையா’ என்று பொதுவாகக் கேட்டால் உண்மைதான். விவாதம் அதைப் பற்றியதன்று, பலூன் இல்லாத, தூசி அளவிலான உணரியைப் பற்றியது.

1990களின் பிற்பகுதியில் பெர்க்லியில் கிரிஸ்டோஃபர் பிஸ்டர், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்பாவின் நிதியோடு ‘ஸ்மார்ட் டஸ்ட்’, அதாவது அறிவார்ந்த தூசி, என்ற திட்டத்தைத் தொடங்கினார். உணர்தல், கணித்தல், தொடர்புகொள்ளல் மூன்றையும் ஒரு கன மில்லிமீட்டருக்குள் அடக்குவது அதன் இலக்கு. இன்று புழங்கும் பெரும்பாலான அச்சங்களுக்கும் கனவுகளுக்கும் ஊற்றுக்கண் இந்தப் பெயர்தான். 2001 மார்ச்சில் கலிபோர்னியாவின் ட்வென்டிநைன் பாம்ஸ் படைத்தளத்தில், சிறிய ஆளில்லா விமானத்திலிருந்து ஆறு உணரிகள் சாலையோரம் போடப்பட்டன. அவை காந்தப் புலத்தின் மாற்றத்தைக் கொண்டு கடந்துபோன வாகனங்களைக் கண்டறிந்து, விமானத்துக்குத் தகவல் கொடுத்தன. அது உண்மையான வெற்றி. ஆனால் அந்த உணரிகள் சில சென்டிமீட்டர் அளவிலானவை, மிதக்கவில்லை, விழுந்தன. பிஸ்டர் பின்னர் நிறுவிய டஸ்ட் நெட்வொர்க்ஸ் 2011இல் லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தால் வாங்கப்பட்டது. அத்தொழில்நுட்பம் இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் குழாய்களில் திருகி மாட்டப்படும் பெட்டிகளில் வேலை செய்கிறது. தூசி என்ற பெயர் எவ்வளவு பெரிய பொருளின்மேல் ஒட்டப்படலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

மிதப்பதற்கான கணக்கு கடுமையானது. நீரின் அடர்த்தியுள்ள 10 மைக்ரான் துகள் அசைவற்ற காற்றில் விநாடிக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் இறங்கும். சிலிக்கான் நீரைவிட 2.3 மடங்கு அடர்த்தியானது என்பதால் அதே அளவுச் சிலிக்கான் துகள் 7 மில்லிமீட்டர் வேகத்தில் இறங்கும். மூன்று மீட்டர் உயர அறையில் அது ஏழு நிமிடங்களில் தரையைத் தொடும். காற்றோட்டம் இருந்தால் இன்னும் நீண்ட நேரம் சுற்றிக்கொண்டிருக்கலாம். 100 மைக்ரான் சிலிக்கான் துணுக்கோ விநாடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் இறங்கி ஆறு விநாடிகளில் விழுந்துவிடும். ஆக, மிதக்கும் அளவுக்குச் சிறிதாக்கினால் ஆற்றல் இல்லை. ஆற்றல் இருக்கும் அளவுக்குப் பெரிதாக்கினால் மிதப்பு இல்லை.

இந்த இக்கட்டைச் சமாளிக்க ஆய்வாளர்கள் செடிகளிடம் போனார்கள். 2021இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஜான் ராஜர்ஸ் குழு, சுழன்று இறங்கும் சிறகு விதைகளைப் பார்த்து, மணல் துகள் அளவு தொடங்கிப் பல அளவுகளில் நுண்பறப்பிகளைச் செய்தது. அவற்றில் மின்னணுவியல் நிறைந்தவை பெரியவை. மணல் அளவிலானவை முதன்மையாகப் பறக்கும் வடிவத்தையே காட்டின. செய்தித் தலைப்புகள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன. 2022இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் விக்ரம் ஐயர், ஷ்யாம் கொல்லகோட்டா ஆகியோர் டான்டிலியன் விதையைப் போலப் பஞ்சிழைகளால் தாங்கப்படும் உணரியை உருவாக்கினர். அதன் எடை ஏறத்தாழ 30 மில்லிகிராம், உண்மையான விதையைவிட 30 மடங்கு. டிரோனிலிருந்து விடப்பட்டால் மிதமான காற்றில் 100 மீட்டர் வரை பரவுகிறது, 95 விழுக்காடு நேரம் சூரியத் தகடு மேல்நோக்கியிருக்க இறங்குகிறது, 60 மீட்டர் வரை தகவல் தருகிறது. மின்கலம் கிடையாது, சூரியன் மறைந்தால் தூங்கி, விடிந்தால் எழுகிறது. இத்துறையில் காற்றில் பரவி, உணர்ந்து, தகவலும் சொல்லும் கருவிக்கு நேர்மையான எடுத்துக்காட்டு இதுவே. குனிந்தால் கையில் எடுத்துவிடலாம்.

கண்ணுக்கு எட்டாத அளவை மிக நெருங்கியவர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்ட்ரானோ. 2018இல் அவரது குழு 100 மைக்ரான் அளவிலான பாலிமர் துணுக்குகளின்மேல் ஒளி உணரி, வேதி உணரி, நினைவகம் ஆகியவற்றை அச்சிட்டு, அவற்றை ஒரு மூடிய குழாய்க்குள் தூறலாகத் தெளித்தது. அவை 0.6 மீட்டர் பயணம் செய்து, வழியில் எதிர்ப்பட்ட வேதிப்பொருளை நினைவில் பதித்துக்கொண்டன. ரேடியோ இல்லை, பின்னர் பொறுக்கி எடுத்துத்தான் படிக்க வேண்டும்.

தானே சிறகடித்துப் பறக்கும், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பூச்சி போன்ற ரோபோவான ரோபோபீ வேறு வகை. 2013இல் அது கம்பியோடு கட்டுப்பாட்டுடன் பறந்தது. 2019இல் கம்பியின்றி எழுந்தது. அப்போது அதன் எடை 259 மில்லிகிராம்; பறப்பதற்கு வெயிலைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு ஒளி மேலே இருந்து தேவைப்பட்டது.

சான்றின் தரத்தைப் பார்ப்பது

விவாதத்தில் காட்டப்படும் ஆவணம் எந்த வகையைச் சேர்ந்தது என்று கேளுங்கள். காப்புரிமை ஓர் எண்ணத்தின்மேல் உரிமை கோருவது. அந்த எண்ணம் பொருளாக இருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது. உடல் இயக்கத் தரவைக் கொண்டு கிரிப்டோ நாணயம் ஈட்டுவது பற்றிய மைக்ரோசாஃப்ட்டின் விண்ணப்பம் 2020இல் வெளியானபோது, அது உடலுக்குள் சில்லு வைப்பதற்கான திட்டம் என்று பரப்பப்பட்டது. விண்ணப்பத்தில் உள்வைப்புச் சில்லு என்ற பேச்சே இல்லை. அதற்குச் சில மாதங்கள் முன், எம்ஐடியில் ராபர்ட் லாங்கரும் அனா யாக்லெனெக்கும் சேர்ந்த குழு, தடுப்பூசி போட்ட பதிவை அகச்சிவப்புக் கதிரில் ஒளிரும் சாயமாகத் தோலுக்குள் விட்டுவைக்கும் ஆய்வை வெளியிட்டிருந்தது. கேட்ஸ் அறக்கட்டளை அதற்கு நிதி தந்தது. தடுப்பூசி வழியே பில் கேட்ஸ் உடலுக்குள் சில்லு வைக்கிறார் என்ற வதந்தியில் அந்தச் சாயம் எப்படிச் சில்லாக மாறியது என்பது வதந்தி வளரும் விதத்தைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு நல்ல பாடம். நிதி மெய், ஆய்வும் மெய், சில்லு மட்டும் பொய்.

ஆய்வுக் கட்டுரை கிடைத்தால், தலைப்பைவிட அதன் படங்களைப் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோல் கோடு இருக்கும். அதைக்கொண்டு கருவியின் உண்மையான அளவைத் தெரிந்துகொள்ளலாம். கம்பி இணைக்கப்பட்டிருந்ததா, ஒளியூட்டியது எது, சோதனை எலியில் நடந்ததா மேசையில் நடந்ததா, எவ்வளவு நேரம் இயங்கியது என்ற விவரங்களைச் செய்முறைப் பகுதியில் தேடுங்கள். உருவானது ஒரே மாதிரியா, அல்லது பிறரும் எடுத்துப் பயன்படுத்தினார்களா என்பதும் முக்கியம். மிச்சிகனின் மைக்ரோ மோட் கணினிகளைத் தாஹித்தி தீவில் நத்தைகளை ஆராய்ந்தவர்கள் ஓட்டின்மேலும் நத்தைகள் தங்கும் இலைகளின்மேலும் வைத்து, அந்த நத்தைகள் எவ்வளவு வெயிலைத் தாங்குகின்றன என்று அளந்து 2021இல் வெளியிட்டார்கள். கருவியைச் செய்தவர் அல்லாத ஒருவர், ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, தன் சொந்தக் கேள்விக்காக அதைப் பயன்படுத்துவதுதான் அது உண்மையாகிவிட்டது என்பதற்கு நான் கேட்கும் அடையாளம்.

வாதத்தை நடத்துவது

கூற்றைப் பிரித்து, கணக்குப் போட்டு, சான்றைப் பார்த்த பிறகு அதை எந்த வரிசையில் வைப்பது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யலாம்: கடையில் கிடைப்பது, ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை நடந்தது, இயற்பியல் தடுக்காவிட்டாலும் யாரும் இன்னும் செய்யாதது, இயற்பியலே தடுப்பது. ஹிட்டாச்சிச் சில்லு போன்ற அடையாளச் சில்லுகள் முதல் வகை; எம்ஐடியின் தூறல் துணுக்குகள் இரண்டாவது; தானாகவே ஒருவரைத் தேடிப் பறந்து அவர் தோளில் இறங்கும் கொசு அளவிலான உணரி மூன்றாவது; 120 மீட்டர் மண்ணுக்கடியிலிருந்து விண்ணுக்குப் பேசும் ரூபாய்த் தாள் நான்காவது.

எதிரே இருப்பவர் வீட்டுப் பெரியவராகவோ நெடுநாள் நண்பராகவோ இருந்தால், அவர் சொன்னதில் மெய்யான பகுதியை முதலில் ஒப்புக்கொண்டு தொடங்குவது பயன் தரும். ‘மாமா, நீங்கள் சொல்லும் அளவில் கணினி இருப்பது உண்மைதான், அதற்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று மட்டும் பார்ப்போமா’ என்று கேட்டால் அவரும் கணக்குக்குள் வருவார். சிரித்துவிட்டால் கணக்கு நடக்காது.

‘இராணுவத்திடம் இருபது ஆண்டுகள் முன்னேறிய ரகசியத் தொழில்நுட்பம் இருக்கிறது’ என்ற வாதம் கடைசியில் வந்தே தீரும். அதை முற்றிலும் ஒதுக்க வேண்டாம். ஒரு சில்லின் வடிவமைப்பையோ அதன் எண்ணிக்கையையோ ரகசியமாக வைத்திருக்க முடியும். மின்சிக்கனத்தில் பத்து மடங்கு முன்னேற்றம் மறைந்திருப்பதும் நடக்கக்கூடியதே. வெயில் ஒரு சதுர மில்லிமீட்டரில் எவ்வளவு விழும் என்பதை யாராலும் ரகசியமாகக் கூட்டிவைக்க முடியாது. ஆன்டெனாவுக்கும் அலைநீளத்துக்கும் உள்ள உறவும் அப்படியே. ஆகவே ரகசியம் என்ற பதிலை மூன்றாவது வகைக் கூற்றுகளுக்கு ஏற்றுக்கொண்டு மேலும் கேள்வி கேட்கலாம், நான்காவது வகைக்கு ஏற்க வேண்டியதில்லை.

என்ன கண்டால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்று எதிரே இருப்பவரிடம் கேளுங்கள்; அதே கேள்விக்கு உங்கள் பதிலையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் பதில் இது: 10 மைக்ரான் அளவிலான ஒரு கருவி, வெளியிலிருந்து ஒளியோ ஒலியோ ரேடியோவோ செலுத்தப்படாமல், பத்து மீட்டர் தொலைவுக்குத் தகவல் அனுப்பியதை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஆய்வுக்கூடங்கள் செய்துகாட்டினால், மேலே உள்ள கணக்குகளில் எந்த வரி தவறு என்று அன்றே தேடத் தொடங்குவேன்.